திமிங்கலம் பார்க்கப் போறீங்களா? முதலில் காற்றுக்குத் தயாராகுங்கள்

திமிங்கலம் பார்க்க ஐரோப்பாவின் வடகோடிக் கடல்களுக்குப் போகிற நம்ம மதுரைக்காரர்கள் பெரும்பாலும் குளிரை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். மார்கழிக் கொடைக்கானலைப் பார்த்தவர்களுக்கு ஐஸ்லாந்தின் 5 டிகிரி பெரிதாகத் தோன்றாது. ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அதே 5 டிகிரி உடம்புக்கு மைனஸ் 1 போல உறைக்கும். அந்தக் காற்றில் மூன்று மணி நேரம் படகின் மேல்தளத்தில் நிற்க வேண்டும்.

1. இடமும் மாதமும்

முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு ஐஸ்லாந்து. சீசன் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் உச்சம். சித்திரைத் திருவிழாவை முடித்த கையோடு பள்ளி விடுமுறையில் கிளம்புகிற குடும்பங்களுக்கு மே மாதமும் ஒத்துவரும், குளிர் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். தலைநகர் ரெய்க்யவிக்கின் பழைய துறைமுகத்திலேயே படகு ஏறலாம். வடக்கே ஹூசாவிக் என்ற சிற்றூர் இதற்கென்றே பேர்போனது. ஹம்பேக் திமிங்கலம் அங்கே நன்றாகத் தென்படும். கோடைத் தொடக்கத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் நீலத் திமிங்கலமும் உண்டு.

நார்வேயின் ட்ரோம்சோ பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓர்காக்கள் (கொலையாளித் திமிங்கலம் என்பார்களே, அவைதான்) வரும். ஆனால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியனே எழாது. பழகிய பிறகு போங்கள்.

இரண்டு நாட்டுக்கும் ஷெங்கன் விசாதான், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

2. படகு

பெரிய படகா, ரப்பர் படகா என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு பெரிய படகைச் சொல்லுங்கள். ரப்பர் படகு அலைமேல் எகிறி எகிறி விழும். முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் அதில் ஏறவே கூடாது.

சவாரியைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். காற்று கூடினால் ரத்து செய்துவிடுவார்கள். மாற்றிக்கொள்ள நாள் கையில் இருக்க வேண்டும். முந்தின நாளே காற்று நிலவரம் பாருங்கள். அங்கே காற்றை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் போடுவார்கள். ‘10’ என்று பார்த்துவிட்டு, பத்துதானே என்று இருந்துவிடக் கூடாது. 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 36 கிலோமீட்டர்!

3. உடுப்பு

உடம்பை ஒட்டி காட்டன் பனியன் வேண்டாம். வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர வைத்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஒன்று. இதற்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. பைக்கில் போக வைத்திருக்கிற நல்ல ரெயின்கோட்டே காற்றைத் தடுத்துவிடும். பல படகுகளில் கனத்த ஓவரால் உடையும் தருவார்கள்.

அது காலிலிருந்து கழுத்துவரை ஒரே உடுப்பு. சேலைக்கு மேல் ஏறாது. அம்மா எவ்வளவு அடம்பிடித்தாலும் அன்றைக்கு ஒரு நாள் சுடிதார்தான், அதிலும் கால் ஒட்டிய பேன்ட்.

குரங்குக் குல்லாவைக் கிண்டல் செய்யாமல் எடுத்துவையுங்கள். பின்னலுக்குள் காற்று நுழையும் என்பதால் அதன்மேல் கோட்டின் தலைமூடியையும் இழுத்துவிட வேண்டும். ஷூவுக்குள் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போதும்.

4. குமட்டல்

கொடைக்கானல் வளைவுகளில் தலைசுற்றுகிறவர்களுக்குக் கடலும் சுற்ற வாய்ப்பு அதிகம். அவோமின் போன்ற மாத்திரையைப் படகு ஏறி, குமட்டல் வந்தபின் விழுங்கிப் பிரயோஜனமில்லை; ஒரு மணி நேரமாவது முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், கார் ஓட்டக் கூடாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. மாட்டுத்தாவணியில் கிடைக்கிற இஞ்சி மொரப்பா இரண்டு பாக்கெட் பையில் இருக்கட்டும்.

படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. வெளியே நின்று தொடுவானத்தைப் பாருங்கள்; போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தால் தொலைந்தது. வாந்தி வந்தே தீரும் என்றால், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் கம்பிக்கு ஓடுங்கள். எதிர்ப்பக்கம் போனால் பின்னால் நிற்பவர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

5. எங்கே பார்ப்பது

வழிகாட்டி கடிகாரக் கணக்கில் கத்துவார். படகின் முனை 12 மணி, வலப்பக்கம் 3, பின்புறம் 6, இடப்பக்கம் 9. ‘இரண்டு மணி’ என்றால் முன்பக்கம் வலதுகைப் புறம். குழந்தைகளுக்கு இதை விமானத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுங்கள்.

முதலில் தெரிவது உடம்பு அல்ல, மூச்சு. ஹம்பேக்கின் மூச்சு புதர்போல விரிந்து சுமார் 3 மீட்டர் எழும்பும். பறவைகள் ஒரே இடத்தில் மொய்த்தால் அங்கே மீன் இருக்கிறது, திமிங்கலமும் இருக்கலாம். சில தடவை மூச்சு விட்டபின் ஹம்பேக் முதுகை வளைக்கும். கேமரா தயாராக வேண்டியது அப்போதுதான், அடுத்து வால் மேலே வரும். பிறகு பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடம் ஆளே தெரியாது. மிங்கி திமிங்கலம் வாலைக் காட்டுவது அபூர்வம், காத்திருக்காதீர்கள்.

குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

திமிங்கலமே கண்ணில் படாமல் திரும்பினால் டிக்கெட்டைத் தூக்கிப்போடாதீர்கள். பல நிறுவனங்கள் இன்னொரு சவாரியை இலவசமாகத் தருகின்றன. கரையில் இறங்கியதும் கவுண்டரில் கேளுங்கள்.