விலைக்கு ஏது மலிவு?

மலிவு விலை, நியாய விலை, கொள்ளை விலை என்று எந்த அடைமொழியைக் கொடுத்தாலும் தமிழில் விலை ஏற்றுக்கொள்ளும். அந்தத் தைரியத்தில்தான் ஆங்கிலத்திலும் 'சீப் பிரைஸ்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே மலிவாக இருப்பது பொருள்தான். அதன் விலை குறைவாக இருக்கும், அவ்வளவே. சட்டை 'சீப்', அதன் விலை 'லோ'. மறுபக்கமும் இதே கணக்குதான். கார் 'எக்ஸ்பென்சிவ்', அதன் விலை 'ஹை'. 'தி பிரைஸ் இஸ் காஸ்ட்லி' என்று எழுதினால், விலையையே யாரோ விலைபோட்டு விற்பதுபோல் இருக்கும். விலை மிகவும் ஏறியிருந்தால் 'ஸ்டீப்' என்பார்கள், மலைச்சரிவைச் சொல்லும் அதே சொல். வாங்கவே முடியாத அளவுக்குப் போய்விட்டால் 'ப்ரொஹிபிடிவ்'.

பேச்சில் ஆங்கிலேயர்களும் 'சீப் பிரைசஸ்' என்பதுண்டு. தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அந்தச் சலுகை நமக்குக் கிடைக்காது.

'சீப்' என்ற சொல்லுக்கே ஒரு சுவையான கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல். வணிகம், சந்தை என்று பொருள். லண்டனில் இன்றும் இருக்கும் சீப்சைட் தெரு அந்தக் காலத்துச் சந்தையின் எச்சம். 'குட் சீப்' என்றால் நல்ல பேரம். அது தேய்ந்து தனி 'சீப்' ஆகிவிட்டது. இப்போது அதில் 'மட்டமானது' என்ற வாடையும் சேர்ந்துகொண்டது. நண்பர் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை 'சீப்' என்று பாராட்டினால் அவர் முகம் சுருங்கலாம். 'இன்எக்ஸ்பென்சிவ்' என்றால் வம்பில்லை. அமெரிக்காவில் ஒரு மனிதரையே 'சீப்' என்றால், அவர் கஞ்சன் என்று பொருள்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய சறுக்கல், இரண்டு இடங்களை ஒப்பிடும்போது வருவது. 'சென்னை வாடகை மதுரையைவிட அதிகம்' என்று தமிழில் தயங்காமல் சொல்லலாம். யாரும் குழம்ப மாட்டார்கள். இதையே 'ரென்ட் இன் சென்னை இஸ் ஹையர் தேன் மதுரை' என்று எழுதினால், ஒரு பக்கம் வாடகையும் மறு பக்கம் ஒரு முழு நகரமும் தராசில் ஏறிவிடுகின்றன. ஒரே ஒரு 'இன்' போதும்: 'தேன் இன் மதுரை'. இப்போது வாடகையோடு வாடகை நிற்கிறது. நன்றாகப் படித்தவர்கள் எழுதும் அறிக்கைகளிலும் இந்தச் சின்னச் சொல் காணாமல் போகிறது. பிழை திருத்துபவர் கண்ணிலும் எளிதில் படாது.

'மோர் சீப்பர்' தவறு என்பது பலருக்கும் தெரியும். அவசரத்தில் வாய் தவறி வருவதுதான். 'டூ டைம்ஸ் சீப்பர்' அப்படியல்ல, அதில் கணக்கே இடிக்கும். 100 ரூபாய்ப் பொருள் இரண்டு மடங்கு குறைந்தால் என்ன விலை? 50 ரூபாயைத்தான் சொல்ல வருகிறீர்கள் என்றால் 'ஹாஃப் தி பிரைஸ்' என்றே சொல்லுங்கள். நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பதற்கு 'ஷாப் அரவுண்ட்' என்று ஒரு நல்ல தொடர் இருக்கிறது. நம்மவர்கள் அதை ஏனோ அதிகம் பயன்படுத்துவதில்லை.

கடைசியாக, ஓர் எழுத்து படுத்தும் பாடு. ஒரு பள்ளிக் கட்டடம் 2 கோடி ரூபாய் செலவில் எழுந்தது என்பதை 'அட் தி காஸ்ட் ஆஃப்' என்று நம் ஊர் ஆங்கிலச் செய்திகளிலேயே பார்க்கலாம். தொகையைச் சொல்லும்போது அங்கே 'எ' வர வேண்டும்: 'அட் எ காஸ்ட் ஆஃப் 2 குரோர் ருபீஸ்'. 'தி' போட்டால் ஒன்றைப் பலிகொடுத்து இன்னொன்றைப் பெற்றதாகப் பொருள். 'அட் தி காஸ்ட் ஆஃப் தி பிளேகிரவுண்ட்' என்று எழுதினால், கட்டடம் வந்துவிட்டது, பிள்ளைகளின் மைதானம் போய்விட்டது.