தெய்வபயத்தைப் பழகுவது எப்படி: தராசுக்கு முன்னால் நான் கற்றது

மாசி பிறந்தால் எங்கள் பாப்பாரப்பட்டியில் தெருவெல்லாம் புளி வாசனை. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பதற்குப் பெண்கள் வீட்டுக்குப் புளி வாங்கிப்போவார்கள். கொட்டை எடுத்துக் கொண்டுவந்ததை எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பது என் வேலை. சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் நான்தான். "கடவுள் அன்பானவர் என்றால் அவருக்கு ஏன் பயப்பட வேண்டும்?" என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றவர்களும் கேட்கிறார்கள். நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், சிறுவயதுப் பயத்தை இறக்கிவைக்க வேண்டும். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. கிறிஸ்தவ வீடுகளிலும் "இயேசப்பா அடிப்பார்" என்று சொல்லித்தான் சோறு ஊட்டுகிறோம். தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பயம் ஒளியத்தான் கற்றுக்கொடுக்கும். ஏதேனில் ஆதாம் பயந்துதான் ஒளிந்தான், திருந்தவில்லை.

அடுத்து, வேதாகமத்தில் யாத்திராகமம் 20:20-ஐ மெதுவாக வாசியுங்கள். சீனாய் மலை புகைகிறது, ஜனங்கள் நடுங்கித் தூரத்தில் நிற்கிறார்கள். "பயப்படாதிருங்கள்" என்கிறார் மோசே. அதே வசனத்தில், அவர்கள் பாவம் செய்யாதபடி தேவனைப் பற்றும் பயம் முன்னால் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். ஒரு பயத்தைப் போகச்சொல்கிறார், இன்னொன்றை இருக்கச்சொல்கிறார். பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவான் எழுதியது அந்த முதல் பயத்தைத்தான். தங்கவேண்டிய பயத்துக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: பயபக்தி.

இனிமேல்தான் கடினமான பகுதி. என்னிடம் புளி வாங்கிப்போகும் ஒரு பாட்டிக்குக் கண்ணில் புரை. தராசின் சிவப்பு எண்கள் அவருக்குத் தெரியாது. நான் சொல்வதுதான் எடை. உரச்சாக்குக்கு மற்றப் பெண்களிடம் 100 கிராம் கழிவு போட்ட நான், அவரிடம் மட்டும் 300 கிராம் கழித்தேன். மற்றவர்கள் எண்ணைப் பார்ப்பார்களே! இரண்டு பருவம் இப்படியே நடந்தது. ஒரு சனிக்கிழமை இரவு பாடம் தயாரிக்க லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். 14-ஆம் வசனம்: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக." அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

அந்த வசனத்தில் தேவபயம் ஏன் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். திட்டியது செவிடனுக்குக் கேட்காது. கல்லை வைத்தது யார் என்று குருடனுக்குத் தெரியாது. சாட்சியே இல்லை. லேவியராகமத்தில் தேவனுக்குப் பயப்படு என்ற இந்தக் கட்டளை இன்னும் நான்கு இடங்களில் வருகிறது: முதியவர்முன் எழுந்து நிற்கும்போது (19:32), விற்று வாங்கும்போது (25:17), நொடிந்துபோன சகோதரனிடம் வட்டி வாங்கக்கூடாது என்னும்போது (25:36), வேலைக்காரனைக் கொடுமையாக ஆளக்கூடாது என்னும்போது (25:43). எல்லாம் எதிரில் நிற்பவர் நம்மை ஒன்றும் செய்ய முடியாத இடங்கள். தெய்வபயம் பழகுவதற்கான இடம் அதுதான். ஆராதனையில் கண்ணீர் வருவதை வைத்து அதை அளக்காதீர்கள்.

ஆகவே, உங்கள் நாளில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு இடத்தைத் தேடி எழுதிவையுங்கள். பால் ஊற்றுகிறவருக்கு அது தண்ணீர்ச் சொம்பாக இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயின் உதவித்தொகையை எடுத்துவரும் மகனுக்கு ஏ.டி.எம். சீட்டு. ஒன்றே ஒன்று போதும். ஒரு மாதம் அங்கே நிற்கும்போதெல்லாம், கடவுள் பார்க்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். ஜெபம் மட்டும் போதாது. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். நான் கணக்குப் பார்த்துப் பணத்தோடு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார். "தெரியும் கண்ணு. தூக்கிவந்த கைக்கு எடை தெரியாதா?" என்றார். மறுவாரமும் என்னிடமே புளி வாங்க வந்தார்.

"உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு" என்ற சங்கீதம் 130:4 எனக்கு வெகுகாலம் புரியாமல் இருந்தது. மன்னித்தால் பயம் போகத்தானே வேண்டும்? இப்போது அந்தப் பாட்டியின் சாக்கைத் தராசில் வைக்கும்போதெல்லாம் என் கை நடுங்குகிறது. அவர் என்னை ஒன்றும் செய்யமாட்டார். அவரை இன்னொரு முறை நோகடித்துவிடக் கூடாதே என்ற நடுக்கம் அது.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் கண்ணைக் கட்டி, மற்றவரைப் பத்துப் புளியங்கொட்டைகளைப் பங்கிடச் சொல்லுங்கள். கட்டை அவிழ்ப்பதற்குமுன் கொட்டைகளை வாரிவிடுங்கள். பிறகு பங்கிட்ட பிள்ளையைத் தனியே அழைத்து, "எத்தனை கொடுத்தாய்?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் திட்டாதீர்கள். லேவியராகமம் 19:14-ஐ எடுத்துக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.