நேரமும் வேலையும்: நேரத்தைக் கூட்டாதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள்

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் வருகிற நேரமும் வேலையும் கணக்கு, பிள்ளைகளைப் பயமுறுத்துகிற அளவுக்குக் கஷ்டமானது இல்லை. இதே கணக்குதான் டிஎன்பிஎஸ்சி தேர்விலும் வருகிறது, அதனால் இப்போது ஒருமுறை உருப்படியாகப் புரிந்துகொண்டால் பல வருஷத்துக்கு உதவும்.

கணக்கு இதுதான். ஒரு கூடை மல்லிகையைக் கலா தனியாகக் கட்டி முடிக்க 6 மணி நேரம், மாலாவுக்கு 4 மணி நேரம். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?

பக்கத்து வீட்டுப் பிள்ளை நோட்டில் சட்டென்று 6 + 4 = 10 என்று எழுதினாள். அப்புறம் அழித்துவிட்டு, சராசரி என்று 5 போட்டாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: மாலா ஒருத்தியே 4 மணி நேரத்தில் முடித்துவிடுவாளே, கூட ஒரு ஆள் வந்தால் நேரம் கூடுமா, குறையுமா? கொஞ்ச நேரம் கூடையையே யோசித்துக்கொண்டிருந்தவள், "நாலுக்குள்ளதான் வரணும்" என்றாள். பேனாவைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: விடை எதற்குள் வர வேண்டும் என்று பார்த்து ஓரத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்து, கூடையில் எத்தனை முழம் பூ என்று கணக்கில் சொல்லவில்லை, அதனால் நாமே வைத்துக்கொள்ளலாம். 6, 4 இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடுகிற மிகச் சிறிய எண்ணாக எடுங்கள், அதாவது மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.), இங்கே 12. சரி, கூடையில் 12 முழம்.

கலா மணிக்கு 12 ÷ 6 = 2 முழம்.
மாலா மணிக்கு 12 ÷ 4 = 3 முழம்.
சேர்ந்து மணிக்கு 5 முழம்.
நேரம் 12 ÷ 5 = 2.4 மணி.

பூக்கட்டுகிறவர்கள் இதைவிட வேகமாகக் கட்டுவார்கள், மணிக்கு இரண்டு முழமா என்று கேட்டால் நியாயம்தான். 60 முழம் என்று வைத்துப் பாருங்கள், 10-ம் 15-ம் சேர்ந்து 25, 60 ÷ 25 மறுபடியும் 2.4. எத்தனை முழம் என்று வைத்தாலும் விடை மாறாது, மீ.சி.ம. எடுத்தால் பின்னம் குறுக்கே வராது, அவ்வளவுதான்.

இங்கே நிறைய பேர் 2.4 மணி என்பதை 2 மணி 40 நிமிடம் என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். 0.4-ஐ 60-ஆல் பெருக்குங்கள், 24 வரும். ஆக 2 மணி 24 நிமிடம். ஓரத்தில் எழுதியபடி 4-க்குள் இருக்கிறதா? இருக்கிறது.

தேர்வுத் தாளில் முழத்தை எழுத வேண்டாம் என்று நினைத்தால் பின்னமாக எழுதுங்கள். ஒரு மணி நேர வேலை 1/6 + 1/4 = 5/12, அதன் தலைகீழி 12/5. இந்தப் பின்னம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சூத்திரமாக மனப்பாடம் செய்வதால்தான் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

எப்படித் திருப்புவார்கள்? இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள், 1 மணி நேரத்தில் மாலா எழுந்து போய்விடுகிறாள், மீதியைக் கலா எவ்வளவு நேரத்தில் முடிப்பாள் என்பார்கள். முதல் மணியில் 5 முழம் முடிந்தது, மீதி 7. கலாவின் வேகம் 2, அதனால் மூன்றரை மணி நேரம். மொத்த நேரம் கேட்டிருந்தால் நாலரை. எதைக் கேட்கிறார்கள் என்று கேள்வியின் கடைசி வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தொட்டிக் கணக்கும் இதேதான். குழாய் 4 மணி நேரத்தில் நிரப்பும், ஓட்டை 6 மணி நேரத்தில் காலி செய்யும் என்றால், 12 குடம் பிடிக்கிற தொட்டியாக வையுங்கள், மணிக்கு 3 உள்ளே, 2 வெளியே, நிற்பது 1. நிரம்ப 12 மணி நேரம். ஓட்டை இருப்பதால் இங்கே விடை 4-ஐத் தாண்டித்தான் வர வேண்டும்.

இப்போது நீங்களே ஒன்று போடுங்கள். ஒரு வேலையை மூன்று பேர் தனித்தனியாக 10, 15, 30 நாள்களில் முடிப்பார்கள், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? 5 வந்தால் சரி, வேறு ஏதாவது வந்தால் முதலில் மீ.சி.ம. எடுத்த வரியைப் பாருங்கள்.