1°22′ என்றால் 1.22 இல்லை: கோண அலகுகளை மாற்றுவது எப்படி?

சிங்கப்பூர் நில அளவையில் புழங்கும் எஸ்விஒய்21 ஆயத்தொலை முறைக்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. வட அட்சரேகை 1°22′, கிழக்குத் தீர்க்கரேகை 103°50′. தீவின் நடுப்பகுதியில், அங் மோ கியோ பக்கம் வரும். இதையே வரைபடச் செயலியில் 1.22, 103.50 என்று தட்டிப் பாருங்கள். குறி சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, ஜொகூரின் தஞ்சோங் பியாய்க்குத் தெற்கே கடலில் போய் விழும். கோண மாற்றத்தில் பல தவறுகள் இந்த ஒரு தசமப் புள்ளியால் வருபவைதான். அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

படி 1: முழு வட்டத்துக்கு எத்தனை?

மாற்றும் எண்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு முழுச் சுற்றுக்கு அந்த அலகில் எத்தனை என்று தெரிந்தால் போதும்.

டிகிரி (பாகை): 360
மினிட் (கலை): 21,600
ரேடியன்: 2 பை, அதாவது 6.28318…
கிரேடியன்: 400
ராணுவ மில்: 6400
மணி: 24

கையில் உள்ள எண்ணை அதன் முழுச்சுற்றால் வகுத்து, வேண்டிய அலகின் முழுச்சுற்றால் பெருக்குங்கள். அவ்வளவுதான். என்எஸ் (சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவை) செய்தவர்களுக்குத் தெரிந்த திசைகாட்டியையே எடுத்துக்கொள்வோம். 2240 மில் ÷ 6400 × 360 = 126°. கைப்பேசித் திசைகாட்டி டிகிரியில் காட்டும், என்எஸ் திசைகாட்டி மில்லில் காட்டும். இரண்டையும் ஒப்பிட இந்த ஒரு வரி போதும். 1 மில் என்பது 0.05625°. இதை மில்லிரேடியனோடு குழப்ப வேண்டாம். அசல் மில்லிரேடியன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6283 வரும். வகுக்க வசதியாக 6400 ஆக்கியிருக்கிறார்கள்.

படி 2: டிகிரி, மினிட், செகண்டைத் தசமமாக்குதல்

மினிட் அறுபதில் ஓடுகிறது, தசமம் பத்தில் ஓடுகிறது. 22 மினிட் என்றால் 22/60 = 0.36667. ஆகவே 1°22′ = 1.36667°.

செகண்டும் இருந்தால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். 1°21′7.56″ என்று வைத்துக்கொள்வோம்.

7.56 ÷ 60 = 0.126
21 + 0.126 = 21.126
21.126 ÷ 60 = 0.3521
1 + 0.3521 = 1.3521°

திரும்பிப் போக, முழு எண்ணை எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் 60-ஆல் பெருக்குங்கள். 0.3521 × 60 = 21.126, இதில் 21 மினிட். 0.126 × 60 = 7.56 செகண்ட். நடுவில் எங்கும் முழுமையாக்காதீர்கள். அட்சரேகையில் ஒரு செகண்ட் என்பது தரையில் ஏறக்குறைய 31 மீட்டர்.

படகு ஜிபிஎஸ் கருவிகள் பல 1°21.126′ என்று மூன்றாவது வடிவில் காட்டும். அதை 1°21′12.6″ என்று படித்துவிடுவார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது செகண்ட் அல்ல, மினிட்டின் தசமம்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கும் இதே பொறிதான். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை, தசமத்தில் 13.3333, 13.20 அல்ல. சரிபார்க்க எளிய வழி, கலையில் கணக்குப் போடுவது: 13 × 60 + 20 = 800 கலை. 27 நட்சத்திரத்துக்கு 21,600. வட்டம் மூடிக்கொண்டது.

படி 3: ரேடியன்

டிகிரியை பை/180-ஆல் பெருக்கினால் ரேடியன். 180/பை-ஆல் பெருக்கினால் மறுபடி டிகிரி. எது எது என்று குழம்பினால், ஒரு ரேடியன் சுமார் 57.3° என்பதை நினைவில் வையுங்கள். ரேடியனில் எண் சிறியதாகத்தான் வரும்.

வில்லின் நீளம் = ஆரம் × கோணம் என்ற சூத்திரம் ரேடியனில் மட்டுமே செல்லும். ஆரம் 12 செ.மீ., கோணம் 40° என்றால் 40 × பை ÷ 180 = 0.69813, அதை 12-ஆல் பெருக்கினால் 8.3776 செ.மீ. கோணத்தை அப்படியே 40 என்று போட்டால் 480 செ.மீ. வரும். முழு வட்டத்தின் சுற்றளவே 75.4 செ.மீ.தான்!

பை-க்கு 3.14 போடாதீர்கள். இதே கணக்கில் 3.14 போட்டால் 8.37 வரும், கணிப்பானின் பை பொத்தானை அழுத்தினால் 8.38. மூன்று முக்கிய இலக்கம் கேட்கும் தேர்வில் அது மதிப்பெண் விஷயம்.

படி 4: கணிப்பான் எந்த அலகில் நிற்கிறது?

எந்தக் கணக்குக்கும் முன் சைன் 30 தட்டுங்கள். 0.5 வந்தால் டிகிரி. −0.988 வந்தால் ரேடியன். 0.454 வந்தால் யாரோ கிரேடியனில் விட்டிருக்கிறார்கள். திரையின் மேல் ஓரத்தில் தெரியும் சின்ன எழுத்தை நம்புவதைவிட இது எனக்கு நம்பகமான சோதனை.

எக்செலில் திரிகோணச் சார்புகள் எப்போதும் ரேடியனில்தான் வேலை செய்யும். டிகிரியை முதலில் ரேடியன்ஸ் என்ற சார்புக்குள் போட்டு, அதன் பிறகே சைனுக்குள் கொடுக்க வேண்டும். டிகிரி–மினிட்டுக்கு ஒரு குறுக்குவழி: கட்டத்தில் 1:22:00 என்று நேரம்போல் தட்டி, 24-ஆல் பெருக்கி, கட்டத்தின் வடிவத்தை எண்ணாக மாற்றுங்கள். 1.36667 கிடைக்கும்.

படி 5: நேரமாக்குதல்

24 மணிக்கு 360° என்றால் ஒரு மணிக்கு 15°, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சிங்கப்பூரில் நம் கடிகாரம் 1982 முதல் 120° தீர்க்கரேகையின் நேரத்தில் ஓடுகிறது. நாம் இருப்பதோ 103°50′. கழிக்கும்போது 120°-ஐ 119°60′ என்று எழுதிக்கொண்டால் கடன் வாங்குவது சுலபம்: வித்தியாசம் 16°10′. 4-ஆல் பெருக்கினால் 64 நிமிடம் 40 விநாடி. சிங்கப்பூரில் சூரியன் சராசரியாக 1:05-ஐ ஒட்டி உச்சிக்கு வருவது இதனால்தான். கோண மினிட்டும் கடிகார நிமிடமும் ஒன்றல்ல. கடிகாரத்தின் ஒரு நிமிடத்துக்குக் கோணத்தில் 15 மினிட்.

பின்சேர்க்கை

கழித்தல் குறி: −0°30′ என்பதைப் பிரித்து எழுதும்போது டிகிரிக் கட்டத்தில் 0 மட்டும் நிற்கும், குறி தொலைந்துபோகும். குறியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் ஒட்டுங்கள். எக்செல் நேர வித்தை கழித்தலுக்குப் பலிக்காது.

60 செகண்ட்: 59.9996-ஐ இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 21′60.00″ என்று அபத்தமாக வரும். அதை 22′0″ என்று மேலே ஏற்றிவிட வேண்டும். கோணம் முழுவதையும் செகண்டாக்கி, முழுமையாக்கிவிட்டு, அதன் பிறகு பிரித்தால் இந்தச் சிக்கலே வராது.

ஏடேன்2 (எக்ஸ், ஒய் ஆயத்தொலைகளிலிருந்து கோணம் தரும் சார்பு): எக்செலில் முதலில் எக்ஸ், பிறகு ஒய். பைத்தானில் முதலில் ஒய். சூத்திரத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகல் எடுத்தால், 30° வரவேண்டிய இடத்தில் 60° வரும்.