அமைதிப்படையைப் பற்றி ஊரில் பேசப் போகிறீர்களா?

வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அபூர்வம். நானும் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பியோடு தெற்கு சூடானில் ஒரு வருடம் இருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் முதல் கூட்டத்தில் பேசினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "எங்கட ஊருக்கு வந்ததும் அமைதிப்படைதானே, தம்பி?"

ஆகவே, அங்கிருந்தே தொடங்குங்கள். 1987-இல் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி இந்தியா அனுப்பிய படை அது, 1990-இல் திரும்பியது. பெயர்தான் ஒன்று, ஐ.நா.வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே நடந்தவற்றுக்குச் சப்பைக்கட்டு கட்டாதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

அப்புறம் தொப்பியை எடுங்கள். 1956-இல் எகிப்தின் சூயஸுக்கு ஐ.நா. படை கிளம்பியபோது நீலத் தொப்பி தைக்க நேரமில்லை. ஹெல்மெட்டின் உள்கூட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் இதை மறப்பதே இல்லை. ஐ.நா.வுக்குச் சொந்தப் படை கிடையாது, நாடுகள்தான் ஆள் தருகின்றன என்பதையும் இதோடு சொல்லிவிடலாம். இப்போது படை அனுப்ப ஐ.நா. பாதுகாப்பு அவையில் 15 பேரில் 9 பேர் சரி என்று சொல்ல வேண்டும், ஐந்து பெரிய நாடுகளில் ஒன்றுகூட மறுக்கக் கூடாது. இதை ஒரே மூச்சில் சொல்லி நகருங்கள், நீட்டினால் தூங்கிவிடுவார்கள்.

அமைதிப்படையின் வேலையை விளக்க வரப்புத் தகராறு உதாரணம் நன்றாக எடுபடும். இரு பங்காளிகளும் சம்மதித்து, வெளியூர் ஆள் ஒருவர் நடுவில் நிற்கிறார். யார் பக்கமும் சாய்வதில்லை. ஆனால் ரொம்ப இழுக்காதீர்கள். 2013 டிசம்பரில் தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் சண்டை மூண்டதும் ஆயிரக்கணக்கானோர் ஐ.நா. முகாமுக்குள் ஓடி வந்தார்கள். அப்போது வரப்பு ஏது? வந்தவர்களைக் காப்பதே வேலை.

அதே நாட்டின் மலக்காலில் நம் படை நடத்திய கால்நடை மருத்துவமனையைச் சொன்னபோதுதான் கணியம்பாடிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே மாடுதான் சொத்து. பெண்ணுக்குப் பரிசமும் மாட்டுக் கணக்குதான். "என்ன ரகம், எவ்வளவு பால்?" என்று கேட்டே என்னைத் திணறடித்தார்கள்.

ருவாண்டா 1994, போஸ்னியாவின் சிரெப்ரெனிகா 1995 இரண்டையும் நீங்களே சொல்லுங்கள். நீலத் தொப்பிகள் அங்கே இருந்தும் படுகொலை நடந்தது. மறைத்தால் பின்வரிசைப் பையன் போனில் தேடி எடுத்துவிடுவான்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவரையே முதலில் பேசச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினார். எனக்குப் பதினைந்து நிமிடம்தான் மிச்சம். அது போதுமாக இருந்தது.