பைக் சைலன்சர் மாற்றுவது எப்படி: குரலும் மாறணும், பிக்கப்பும் போகக் கூடாது

சைலன்சரை மாற்றினால் வண்டி பறக்கும் என்று நம்பி இதைப் படிக்க வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பறக்காது. பின்னால் இருக்கிற, சத்தத்தை அடக்குகிற மஃப்ளரை மட்டும் கழற்றி வேறொன்று போடுவதற்கு ஸ்லிப்-ஆன் என்று பெயர். அதில் கூடுகிற சக்தி ஓட்டும்போது தெரியக்கூடத் தெரியாது. நிஜமாகக் கிடைப்பவை இரண்டு, எடை குறையும், குரல் மாறும். சக்தியும் வேண்டுமென்றால் இன்ஜின் ஹெட்டிலிருந்து கிளம்பும் பெண்ட் பைப் முதல் முழு செட்டும் மாற வேண்டும், அதற்கேற்ப பெட்ரோல் அளவும் மாற வேண்டும். என் ஒற்றை சிலிண்டர் வண்டியில் இரண்டையும் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு மட்டும்தான் இது பொருந்தும். இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்த வயிறு உப்பிய பைப் இன்ஜினின் ஒரு பாகம் என்றே சொல்லலாம். அதன் கணக்கே வேறு.

எதை வாங்குவது

"பைப் பெரிதாக இருந்தால் நல்லது" என்பார் ஒருவர். "பேக் பிரஷர் இருந்தால்தான் பிக்கப் வரும்" என்பார் இன்னொருவர். பேக் பிரஷர் என்றால் புகை வெளியேறுவதைத் தடுக்கிற எதிர் அழுத்தம். இவர்கள் இருவர் சொல்வதும் தப்பு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்புக்குள் ஓடுகிறது. பைப் சட்டென்று அகலமாகும் இடத்தில் அந்த அலை, உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. புகை 500 டிகிரி செல்சியஸில் இருந்தால் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 540 மீட்டர். இன்டேக், எக்ஸாஸ்ட் என இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். எந்த ஆர்.பி.எம்மில் இது சரியாக நடக்கும் என்பதைப் பைப்பின் நீளம் தீர்மானிக்கிறது. பைப்பை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் புகையின் வேகம் குறைகிறது, குறைந்த ஆர்.பி.எம்மில் இழுவை செத்துவிடுகிறது. "பேக் பிரஷர் போயிடுச்சு" என்று பலர் சொல்வது உண்மையில் இந்த வேகம் போனதைத்தான்.

குரலைப் பற்றியும் ஒரு கணக்கு. ஒற்றை சிலிண்டர் 6000 ஆர்.பி.எம்மில் நொடிக்கு 50 முறை வெடிக்கிறது. அதே 6000-இல் நான்கு சிலிண்டர் வண்டி 200 முறை வெடிக்கிறது. அந்தக் கீச்சுக் குரலை ஒற்றை சிலிண்டரில் கொண்டுவர உலகத்தில் எந்த சைலன்சராலும் முடியாது. அதனால் வீடியோவில் கேட்ட சத்தத்துக்காக எதையும் வாங்காதீர்கள். உங்கள் மாடலிலேயே அதைப் போட்டிருப்பவரைத் தேடி நேரில் கேளுங்கள்.

உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஓட்டை போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் அடைத்த வகை, கரகரப்பான உயர் சத்தத்தைத் தின்றுவிட்டு அடிக்குரலை விட்டுவிடும். உள்ளே தடுப்பு அறைகள் வைத்த வகை அடிக்குரலையும் அடக்கும், ஆனால் கனமாக இருக்கும். கம்பெனி சைலன்சர் பெரும்பாலும் இரண்டாவது வகை.

வாங்குமுன் அதில் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிறுத்தி வைத்து எடுக்கும் சத்தப் பரிசோதனையில் மைக்கைச் சைலன்சரின் வாய்க்கு 50 செ.மீ. தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் வைப்பார்கள். வண்டி உச்ச சக்தி தருவது 5000 ஆர்.பி.எம்முக்கு மேலே என்றால் அதில் பாதி ஆர்.பி.எம்மில் அளப்பார்கள். சத்தத்தைக் குறைக்கிற டிபி கில்லர் என்கிற சின்னக் குழாயை வாயிலிருந்து உருவிவிட்டால் அந்த முத்திரைக்கு அர்த்தமில்லை. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு மாதிரித் தெரியும். நெடுந்தூரம் போனால் அந்த 'தம்' என்ற சத்தம் உங்கள் தலைக்குள்ளேயே அடிக்கும். நான் அதை உருவுவதில்லை. புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் தொடுவதில்லை. பல நாடுகளில் அதைக் கழற்றுவது சட்டப்படி குற்றம். அதைத் தாண்டி, சுத்தமாக்காத புகை நாற்றத்தை சிக்னலில் நின்று சுவாசிப்பதில் என்ன சுகம் என்று எனக்குப் புரிந்ததில்லை. கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பில் இருக்கும் வண்டி என்றால் ஸ்லிப்-ஆன் போடுவது சுலபம். மஃப்ளருக்குள்ளேயே இருந்தால், கன்வெர்ட்டரோடு வருகிற மாற்று சைலன்சரைத் தேடுங்கள்.

கருவிகள்

சாக்கெட் ஆறு மூலையாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த நட்டை உருட்டிவிடும். எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் பக்கம் போகாதீர்கள். ஸ்பிரிங் இழுக்கிற கொக்கி கட்டாயம் வேண்டும். கட்டிங் பிளேயரால் இழுத்தால் ஸ்பிரிங் தெறித்து முகத்துக்கு வரும், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்டுக்கும் பைப்புக்கும் நடுவே புகை ஒழுகாமல் அடைக்கிற வளையமான கேஸ்கெட் புதுசாக வாங்கியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழையதைத் திரும்பப் போடலாமா என்று கேட்காதீர்கள். ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான்.

கழற்றுதல்

முந்தின நாள் ராத்திரியே ஹெட்டில் இருக்கிற நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விடுங்கள். மறுநாள் நட்டைத் திருகும்போது முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் தள்ளி, பிறகு இளக்குங்கள். கால் சுற்று போய்க் 'கிரீச்' என்றால் நிறுத்தி, திரும்பி வந்து, ஆயில் விட்டு மறுபடி போங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் நட்டு ஏறுகிற மரைக் கம்பியான ஸ்டட் அலுமினிய ஹெட்டுக்குள் முறிந்துவிடும். அதன் பிறகு சைலன்சர் வேலை, இன்ஜின் வேலையாகிவிடும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே வெளியே வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, சுத்தம் செய்து திரும்பப் போட்டுக்கொள்ளலாம். முறிந்து ஹெட் மட்டத்துக்கு நின்றுவிட்டால், வீட்டில் துளை போட்டு உருவப் பார்க்க வேண்டாம், லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கிற ஆக்சிஜன் சென்சார் பைப்பில் இருந்தால் முதலில் அதன் கனெக்டரைப் பிரியுங்கள், பிறகு திருகுங்கள். இல்லாவிட்டால் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும்.

பெண்ட் பைப் கையில் வந்ததும் டார்ச் அடித்து ஹெட்டின் ஓட்டைக்குள் பாருங்கள். பழைய கேஸ்கெட் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கரி படிந்து, ஹெட்டின் விளிம்பு மாதிரியே கறுப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கூரான கம்பியால் லேசாகக் கீறுங்கள். செம்பு நிறத்தில் மினுங்கினால் அது கேஸ்கெட். நெம்பி எடுத்துவிடுங்கள். அதன் மேலேயே புதுசைப் போட்டு இறுக்கிவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிறவர்கள் நிறைய.

மாட்டுதல்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் மாட்டுங்கள். பெண்ட் பைப், நடு கிளாம்ப், ஸ்பிரிங், கடைசியில் ஃப்ரேமோடு சேர்க்கும் தொங்கல் போல்ட். ஒன்றையும் இறுக்க வேண்டாம்.

இப்போது அந்தத் தொங்கல் போல்ட்டை மட்டும் உருவிப் பாருங்கள். சைலன்சரின் ஓட்டையும் ஃப்ரேமின் ஓட்டையும் தானாகவே நேருக்கு நேர் நிற்க வேண்டும். போல்ட் விரலாலேயே உள்ளே போக வேண்டும். முழங்காலால் சைலன்சரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போல்ட்டைச் செருக வேண்டியிருந்தால், பைப் முழுவதும் இழுபட்டு நிற்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் இறுக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நன்றாகத்தான் ஓடும். சில மாதம் கழித்து வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், குற்றம் சைலன்சர் செய்தவர் தலையில் விழும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பைப் சூடானால் நீள்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு மீட்டர் பைப் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மி.மீ. நீளும். அந்த நீட்சி எங்காவது போயாக வேண்டும். அதற்காகத்தான் தொங்கலில் ரப்பர் புஷ் வைத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் இணைப்பில் போல்ட்டுக்குப் பதில் ஸ்பிரிங். "ஆடுது" என்று ரப்பரை எடுத்துவிட்டு வாஷர் போட்டு இறுக்குவதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

ஓட்டைகள் நேராக வரவில்லையா? நடு இணைப்பில் சைலன்சரைக் கொஞ்சம் சுழற்றுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஒரு மி.மீ. உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ பாருங்கள். பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் அதே கனத்தில் வாஷர் வைத்து நிரப்புங்கள். போல்ட்டை இறுக்கி இடைவெளியை மூடக் கூடாது. இதற்கு அரை மணி நேரம் போனாலும் போகட்டும்.

நேராக வந்ததும் இறுக்கும் வரிசை: முதலில் ஹெட். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். பைப்பை ஹெட்டோடு பிடிக்கிற தகடான ஃப்ளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சந்து இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு நடு கிளாம்ப். தொங்கல் போல்ட் எப்போதும் கடைசி. எவ்வளவு இறுக்கம் என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். எம்8 நட்டுக்குச் சுமார் 20 நியூட்டன் மீட்டர், எம்6-க்குச் சுமார் 10 என்பது பொதுவான அளவு.

சென்சாரின் மரையில் மரை இறுகி ஒட்டாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் ஒரு துளி போதும், நுனியில் பட்டுவிடக் கூடாது. இணைப்புகளில் சாதாரண சிலிகான் பசையும் வேண்டாம், அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

அப்புறம், வண்டியில் இருவர் உட்கார்ந்து பின் சஸ்பென்ஷனை நன்றாக அமுக்கிப் பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், பிரேக் ஹோஸ், பின்னால் உட்காருபவரின் கால் எதிலும் சைலன்சர் இடிக்கக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்

துணியில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்துப் பைப் முழுவதும் துடைத்து, காயவிடுங்கள். கைரேகையின் எண்ணெய் சூட்டில் வெந்து நிரந்தரக் கறையாகிவிடும். பிரேக் கிளீனரால் துடைப்பவர்கள் அது குளோரின் கலக்காத வகைதானா என்று டப்பாவில் பாருங்கள். குளோரின் கலந்தது சூடான இரும்பில் பட்டால் நச்சு வாயு வரும், அது உயிருக்கே ஆபத்து.

ஒழுகலைப் பிடிக்க இன்ஜினை ஓட்டவே வேண்டாம். வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் துணி சுற்றி வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் அங்கேதான். ஒழுகல் என்றால் புகை வெளியே வருவது மட்டும் இல்லை. உறிஞ்சும் அலை வரும்போது வெளிக்காற்றும் அந்தச் சந்து வழியே உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் குறைவு என்று, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யுவிடம் பொய் சொல்லும்.

சரி, இப்போது ஸ்டார்ட் செய்யலாம். திறந்த வெளியில் மட்டும். முதல் சில நிமிடம் புகை வரும், அது உள்ளே இருந்த ஆயில் எரிவது. வண்டி நன்றாகச் சூடாகி, முழுதாக ஆறிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். கேஸ்கெட் அமுங்கியிருக்கும், நட்டு இன்னும் கொஞ்சம் இறுகும்.

பெட்ரோல் கணக்கு

ஸ்லிப்-ஆன் மட்டும் போட்ட இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். சீராக ஓட்டும்போது சென்சாரைப் பார்த்து இ.சி.யுவே சரிசெய்துகொள்ளும். முழு செட் மாற்றினால் கதை வேறு. முழு ஆக்சிலரேட்டரில் இ.சி.யு சென்சாரைக் கேட்காமல், மனப்பாடமான அட்டவணைப்படிதான் பெட்ரோல் ஊற்றும். அந்த அட்டவணை பழைய சைலன்சருக்கு எழுதியது. அதனால் இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் வைத்து, அந்த அட்டவணையை மாற்றி எழுதுகிற மேப்பிங் செய்யுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில், பெட்ரோல் போகும் துளையுள்ள மெயின் ஜெட்டை ஓர் அளவு மட்டும் கூட்டிப் பாருங்கள். மெயின் ஜெட் வேலை செய்வது முக்கால் ஆக்சிலரேட்டருக்கு மேலே. நடுப்பகுதிக்கு ஊசி, ஐடிலுக்குப் பைலட் ஜெட். நடுவில் திக்கினால் மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள்.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்டாசு மாதிரி வெடிக்கிறது என்று பலர் கேட்டார்கள். முதலில் ஒழுகலைப் பாருங்கள். அது இல்லையென்றால், எரியாத பெட்ரோலை எரிக்க எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் காற்று விடுகிற அமைப்பு பல வண்டிகளில் இருக்கும். பழைய சைலன்சர் அந்தச் சத்தத்தை மறைத்திருக்கும், இப்போது கேட்கிறது. மெல்லிய படபடப்புக்குக் கவலை வேண்டாம்.

பெண்ட் பைப் நீலமும் பொன்னிறமும் ஆகிவிட்டது என்றார் ஒருவர். ஸ்டெயின்லெஸ் சூடானால் அப்படித்தான் ஆகும், மேலே ஆக்சைடு படலம் படிகிறது. கெட்டுப்போகவில்லை.

சத்தம் நாளாக நாளாகக் கூடுகிறது என்றால் கிளாஸ் வூல் எரிந்து தீர்ந்திருக்கும். ரிவிட்டைத் துளைத்துத் திறந்து, புதுசு சுற்றி மூடலாம். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், அந்த இழை தோலில் ஏறினால் ராத்திரி தூங்க முடியாது.

கடைசியாக, நானும் எழுத விட்டுப்போன ஒன்று. சில வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டு மேலே மடங்கும்போது முட்டி நிற்கிற ரப்பர் பழைய சைலன்சரில்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் ஸ்டாண்டு அளவுக்கு மீறி மேலே போய்ச் செயினிலோ சக்கரத்திலோ இடிக்கும். புதுசில் அந்த ரப்பருக்கு இடம் இருக்கிறதா என்று ஆர்டர் செய்யும் முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் ஃப்ரேமில் ஒரு ஸ்டாப்பர் வைக்க வேண்டியிருக்கும், அல்லது சென்டர் ஸ்டாண்டையே கழற்ற வேண்டியிருக்கும்.