ஹெட்டர் வாங்கும் முன்: காரைக்குடிப் பக்கம் நான் பார்த்த தவறுகள்

பள்ளத்தூரில் என் அத்தான் வீட்டு இரண்டாம் கட்டுக்குள் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று மூன்று வருடமாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. உள்ளே ஒரு ஜோடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹெட்டர். என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகக் கம்பெனி போடும் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டும் குழாய்க் கொத்து அது. அவருடைய ஃபோர்டு மஸ்டாங் ஜிடிக்காக அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது. பிரித்த அன்று வீட்டில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்பத்தா ஒரு குழாயை விரலால் தடவிப் பார்த்து, "எவர்சில்வர்தானே, இதுக்கா இம்புட்டு விலை?" என்றார்.

காரைத் தூக்கி மாட்டப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இடப்பக்க ஹெட்டர் அழகாக உட்கார்ந்தது. வலப்பக்கம் ஏறவே இல்லை. ஸ்டீயரிங் தண்டு குறுக்கே நின்றது. அமெரிக்காவில் ஸ்டீயரிங் இடப்பக்கம். 2016 முதல் இந்தியாவில் விற்ற 5.0 லிட்டர் வி8 மஸ்டாங்குக்கு வலப்பக்கம். "மஸ்டாங் ஜிடிக்குப் பொருந்துமா?" என்று அத்தான் கேட்டிருக்கிறார். "பொருந்தும்" என்று விற்றவர்களும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நீளக் குழாய் ஹெட்டர் வாங்குகிறவர்கள் "வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து சந்தைக்குச் செய்கிறவர்களிடம் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

போன தை மாதம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் தேக்குத் தூண் பார்க்க வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் காலத்துச் சாமான், என்ன விலை சொல்றீங்க?" என்று கேட்டார். அத்தான் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அத்தானைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்கு இல்லை. என் தவறு அதைவிட மோசம். அது பொருந்திவிட்டது, அதனால் தெரியாமலே இரண்டு வருடம் ஓட்டினேன்.

எந்த ஆர்பிஎம்முக்கு வாங்குகிறீர்கள்?

என்னுடையது 2002ஆம் வருடத்து ஹோண்டா சிட்டி வீடெக். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் மஸ்டாங்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதற்கு நான் வாங்கியது 4-1 ஹெட்டர். நான்கு குழாய்களும் நீளமாக வந்து ஒரே இடத்தில் சேரும். சேருமிடத்துக்குப் பெயர் கலெக்டர் (சிவகங்கையில் இருப்பவர் இல்லை). கடைக்காரர் காட்டிய வரைபடத்தில் 6,500 ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றும்போது, பலத்தைக் காட்டும் கோடு ஜம்மென்று ஏறியிருந்தது. நான் அதை மட்டும்தான் பார்த்தேன்.

ஹெட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால் இந்தத் தவறு ஏன் வருகிறது என்பதும் புரியும். வெளியேற்றும் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. சாதாரணக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். கொதிக்கும் புகையில் அது 550, 600 வரை போகும். அந்த அலை குழாய் விரியும் இடத்தைத் தொட்டதும் திரும்புகிறது. திரும்பும்போது அது இழுக்கும் அலை. காற்று நுழையும் வால்வும் இந்த வால்வும் ஒரு கண நேரம் சேர்ந்து திறந்திருக்கும்போது அது வந்து சேர்ந்தால், உள்ளே தங்கிய பழைய புகையை உறிஞ்சி வெளியே தள்ளும். அந்த இடத்துக்குப் புதுக் காற்று கூடுதலாக வரும். ஹெட்டர் தரும் பலம் பெரும்பாலும் இதுதான். "அடைப்பு எடுத்துவிட்டோம், புகை ஃப்ரீயாகப் போகும்" என்று கடையில் சொல்வது பாதிக் கதை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி. 3,000இல் 20. அலை போய்த் திரும்பும் நேரம் ஏறக்குறைய அதேதான், என்ஜினின் நேரம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. ஆக, 6,000இல் சரியான நேரத்தில் வரும் அலை 3,000இல் முன்கூட்டியே வந்து நிற்கும், கதவு திறக்கும் முன்னால் வந்த விருந்தாளி மாதிரி. குழாயின் நீளத்தை வைத்து எந்த ஆர்பிஎம்மில் பலம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறோம். எல்லா இடத்திலும் பலம் தரும் ஹெட்டர் கிடையாது.

நான் எங்கே ஓட்டுகிறேன்? காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, குன்றக்குடி, எப்போதாவது திருமயம் வழியாகத் திருச்சி. ஆர்பிஎம் ஊசி நிற்பது 2,000க்கும் 4,000க்கும் நடுவில். அங்கே 4-1 தருவது ஒன்றுமில்லை, கொஞ்சம் எடுத்துக்கொள்ளவும் செய்யும். எனக்கு வேண்டியது 4-2-1. நான்கு குழாய் முதலில் இரண்டாகும், பிறகு ஒன்றாகும். அதில் சிலிண்டர் ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் ஜோடிக்குள் ஒரு புகைத் துடிப்புக்கும் அடுத்ததற்கும் சரியாக ஒரு சுற்று இடைவெளி. ஒன்றையொன்று தள்ளிவிடாது. நடுத்தர ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும்.

விற்பவர் வரைபடம் காட்டினால் உச்சியைப் பார்க்காதீர்கள். 2,000 முதல் 4,500 வரை பழைய கோடும் புதுக் கோடும் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். வரைபடம் அந்த இடத்தைக் காட்டாமல் 4,000இல் தொடங்கினால் அதுவே பதில்.

குழாயின் அகலத்திலும் இதே கதைதான். பெரிது நல்லது என்று நினைத்து வாங்குகிறார்கள். மஸ்டாங்கின் வி8க்கு ஒன்றே முக்கால் இஞ்சிலும் ஒன்றே முக்காலே அரைக்கால் இஞ்சிலும் கிடைக்கும். வித்தியாசம் அரைக்கால் இஞ்ச்தான், ஆனால் உள்பரப்பு சுமார் 15 சதவீதம் கூடிவிடுகிறது. பரப்பு கூடினால் புகையின் வேகம் குறையும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை மாற்றாத, சூப்பர்சார்ஜர் போடாத என்ஜினுக்குச் சிறியதே போதும்.

ஹெட்டரே இல்லாத என்ஜின்

மாதம் ஒருவராவது என்னிடம் கேட்பது: "அண்ணே, சிவிக்குக்கு ஹெட்டர் போடலாமா?" 2006இல் இங்கே வந்த சிவிக் 1.8இல் இருக்கும் ஆர்18 என்ஜினில் வெளியேற்றும் மேனிஃபோல்ட், என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. நான்கு வழிகளும் உள்ளேயே சேர்ந்து ஒரே ஓட்டையாக வெளியே வரும். கழற்றி மாட்ட ஒன்றும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியாவின் டிஎஸ்ஐ என்ஜின்களும் அப்படித்தான். இவற்றுக்கு "ஹெட்டர்" என்று யாராவது விற்றால் அது அதற்குப் பிறகு வரும் குழாய்.

இன்னொரு பக்கம், மஸ்டாங் ஜிடியில் கம்பெனியே குழாய் வகை மேனிஃபோல்ட்தான் போட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு அதே அளவுக் குட்டை ஹெட்டர் மாட்டினால் பளபளப்பு கிடைக்கும், வேறு பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

எவர்சில்வர் விஷயம்

அப்பத்தா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. 304 ரகம் என்பது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நல்ல சமையல் பாத்திரத்தின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பார்களே, அதுதான். ஆனால் கடையில் எவர்சில்வர் என்று விற்பதெல்லாம் 304 இல்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகமும் பளபளவென்றுதான் இருக்கும். ஹெட்டரின் சூட்டிலும் ஈரத்திலும் அது 304 அளவுக்குத் தாங்காது.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். காந்தம் 409 என்ற இன்னொரு ஸ்டெயின்லெஸ் ரகத்தைப் பிடித்துக் கொடுக்கும், ஏனென்றால் அது நன்றாக ஒட்டும். 304க்கும் 202க்கும் காந்தத்தால் வித்தியாசம் காட்ட முடியாது, இரண்டிலும் ஒட்டாது. வளைத்த இடத்தில் மட்டும் 304இலும் லேசாக ஒட்டலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பில்லில் ரகம் எழுதித் தரச் சொல்லுங்கள். 409 கெட்டதும் இல்லை. மேலே துருநிறம் படியும், ஆனால் வெடிப்பது குறைவு.

வெடிப்புக்குக் காரணம் விரிவு. 60 சென்டிமீட்டர் 304 குழாய் 600 டிகிரி சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். வார்ப்பிரும்பு அதே சூட்டில் 4 மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் என்ஜினில் முறுக்கி, மறுபக்கம் அசையாமல் கட்டிவைத்தால் அந்த 6 மில்லிமீட்டர் எங்கே போகும்? வெல்டில்தான் போகும். சேருமிடத்தில் நழுவும் இணைப்பு இருக்கிறதா, கீழே வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் குழாய் இருக்கிறதா, குழாயின் கனம் ஒன்றரை மில்லிமீட்டராவது இருக்கிறதா, என்ஜினோடு முறுக்கும் தகடான ஃபிளேஞ்ச் 10 மில்லிமீட்டர் வருமா, இவற்றைப் பார்த்த பிறகு பளபளப்பைப் பார்க்கலாம்.

உள்ளூரில் செய்யச் சொல்லலாமா? செய்யலாம், ஆள் தெரிந்தால். குழாயில் உலர்ந்த மணலை நிரப்பிச் சூடு காட்டி வளைப்பவர்கள் இருக்கிறார்கள், வளைவு நசுங்காமல் வரும். மணல் இல்லாமல் பிரஸ்ஸில் வளைத்தால் உள்வளைவு அமுங்கிவிடும். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்பக்கமும் ஆர்கான் விடுகிறாரா என்று கேளுங்கள். விடாவிட்டால் வெல்டின் உள்பக்கம் பொரிந்து கரடுமுரடாகிவிடும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. வாங்கும்போது உள்ளே விரல்விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

செராமிக் பூச்சு பூசிய சாதாரண இரும்பு ஹெட்டர் விலை குறைவு. பழைய எனாமல் தூக்குச்சட்டி நம் வீடுகளில் இருக்கிறது அல்லவா? ஓரத்தில் ஒரு சில்லு தெறித்த இடத்தில் துரு கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சு தரமாக இல்லாவிட்டால் இங்கேயும் அதுவே நடக்கும். அதன் மேல் துணிமாதிரி ஹீட் ராப் சுற்றுவது இன்னும் மோசம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். நம் பக்கத்துக் கார்கள் பாதி, வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வரும்வரை ஷெட்டில் நிற்பவை. நிற்கிற காருக்கு ராப் வேண்டவே வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், துருவைப் பற்றியும் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் துருப்பிடிக்கிற ஹெட்டரைத் தேடி வாங்குகிறோம்.

தரைக்கும் குழாய்க்கும் நடுவில்

என் சிட்டியில் புகைவழி என்ஜினுக்கு முன்பக்கம், ரேடியேட்டர் ஓரம். ஹெட்டர் அங்கிருந்து இறங்கி, என்ஜின் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப்புக்கு அடியில் போக வேண்டும். வேகத்தடைக்குச் சாலை விதி சொல்வது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊர்களில் ராவோடு ராவாக முளைக்கும் தடை எந்த விதியையும் படித்ததில்லை. வாங்கும் முன் காரில் நான்கு பேரை உட்காரவைத்து, மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாம் என்பவரிடம்

எடுக்காதீர்கள். புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. காற்று மாசு, ஒலி விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை போகும். கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டே ஹெட்டர் மட்டும் மாற்றுவதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுவது நல்லது.

தொழில்நுட்பமாகவும் சிக்கல்தான். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சார், கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக்குறி வரும். கன்வெர்ட்டரைப் பின்னால் தள்ளி வைத்தாலும் தொல்லை உண்டு. அது 250, 300 டிகிரிக்கு மேல்தான் வேலையைத் தொடங்கும், தூரம் கூடினால் சூடேற நேரமாகும்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முதல் சென்சாருக்கும் என்ஜினுக்கும் நடுவில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று கணினி தப்புக்கணக்குப் போட்டு இன்னும் ஊற்றும். "ஹெட்டர் போட்டேன், மைலேஜ் விழுந்துவிட்டது" என்கிறவர்களில் பல பேருக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் நின்றால் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இணைப்பின் ஓரமாக ஊதுபத்தியைக் காட்டினால் புகை துள்ளுகிற இடம் தெரிந்துவிடும். பெட்ரோல் வாடை இருந்தால் மட்டும் பத்தியைக் கொளுத்தாதீர்கள்.

மாட்டுகிற அன்று

பழைய நட்டுகளுக்கு முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். என் காரில் அவசரப்பட்டார்கள். மூன்றாவது ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) பாதியில் முறிந்து அலுமினிய ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டது. மெக்கானிக் அண்ணன் துளைபோட்டு எடுக்க ஒரு பகல் போனது. "தம்பி, நேத்தே சொல்லியிருந்தா எண்ணெய் போட்டு வச்சிருப்பேன்ல" என்றார். ஹெட்டரை விடச் செலவு இதில்தான் கூடும் என்று யாரும் சொல்வதில்லை. இணைப்பில் கசியாமல் வைக்கக் காகித கேஸ்கெட் வேண்டாம், பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் வாங்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்க வேண்டும். ஒரு தடவை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும்.

கழற்றிய பழைய மேனிஃபோல்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். போன மாதம் என் 4-1 ஹெட்டரில் இரண்டாவது குழாய் வெல்டு ஓரம் வெடித்தது. அதை இறக்கிவிட்டுப் பழையதையே மாட்டினோம். மறுநாள் பிள்ளையார்பட்டி போய்த் திரும்பியதும் மெக்கானிக் அண்ணன் இழுவை எப்படி என்று கேட்டார். மூன்றாவது கியரில் மேட்டில் முன்னைவிட நன்றாக ஏறுகிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஹெட்டரை எடுத்து ஓரமாக வைத்தார்.